ஈஸ்டருக்குப் போட்ட கேன்

தோஹாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் குளியலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. அதில்தான் மூன்று வருஷம் நான் பீர் போட்டேன். இதைக் கேட்டு என்னைக் குடிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க் கடற்கரை வீடுகளில் போடும் திராட்சை ஒயினில் ஒரு மூடி குடித்தாலே எனக்குத் தலை கிறுகிறுக்கும். தொழிலில் நான் நர்ஸ். கையைக் கழுவு, பாத்திரத்தைக் கொதிக்க வை, நேரத்துக்கு நேரம் பார் என்பதைத் தவிர வேறு வித்தை தெரியாது. பீர் போடுவதற்கும் பெரும்பாலும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் வெல்டர். தொழில்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. கண்ணை வைத்துப் பிழைக்கிறவர். கல்யாணம் பேசும்போதே என் அம்மாவிடம் யாரோ, பையன் நல்லவன், வாரத்தில் ஒருநாள் மட்டும்தான் குடிப்பான் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் அது குடிக்காதவன் என்பதற்குச் சமம். அவரும் சொன்ன சொல் தவறாமல் அந்த ஒருநாளைக் காப்பாற்றினார். வியாழன் சாயங்காலம், மறுநாள் லீவு என்பதால்.

அந்த ஊரில் குடிக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் கம்பெனி கடிதம் தர வேண்டும், சம்பளமும் ஓரளவுக்கு மேலே இருக்க வேண்டும். வெல்டருக்கு இரண்டும் மாஃபி, கிடையாது. அதனால் கூலியாட்கள் தங்குகிற கேம்ப்களில் ரகசியமாக விற்கிற சரக்கைத்தான் அவரைப்போன்றவர்கள் குடித்தார்கள். தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் மாதிரியே இருக்கும். யார் காய்ச்சியது, எதைக் கலந்தது என்று யாருக்கும் தெரியாது. விற்கிறவன் நல்லவன் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கேஷுவால்டிக்கு ஒருநாள் கேம்ப்பிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் அந்தத் தண்ணீர் பாட்டில்காரர்கள். ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கட்டிலில் உட்கார்ந்து, ஏன் இவ்வளவு புகையாக இருக்கிறது, எங்கே தீப்பிடித்தது என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். டூட்டி டாக்டர் சூடான்காரர், வயதானவர், அதிகம் பேசமாட்டார். அவர் என்னிடம் அலமாரியிலிருந்து நல்ல ஆல்கஹாலை எடுத்து அளந்து, தண்ணீரில் கலந்து, குழாய் வழியாக வயிற்றுக்குள் விடச் சொன்னார். குடித்துச் சாகக் கிடக்கிறவனுக்கு மறுபடியும் குடியா என்று நான் முழித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கெட்ட சாராயம் உள்ளே போனதும் விஷமாகிவிடாது. ஈரல் அதைப் பிடித்து மாற்றும்போதுதான் விஷமாகிறது. நல்ல சாராயத்தைக் கொடுத்தால் ஈரல் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும். அதற்குள் கெட்டதை வெளியே எடுத்துவிடலாம், நேரத்துக்கு வந்தால்.

அந்த இருவரும் நேரத்துக்கு வரவில்லை. ஒருவர் போய்விட்டார். புகை என்று சொன்னவர் பிழைத்தார், ஆனால் புகை கலையவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் இவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் மிக்சர் பாக்கெட், எதிரே தண்ணீர் பாட்டில். நான் பாட்டிலை எடுத்துப்போய் சிங்க்கில் கவிழ்த்தேன். சில நாள் என்னோடு அவர் பேசவில்லை. பிறகு பேசினபோதும், உங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் கண்ட இடத்தில் வாங்கினவன், எங்களுக்குக் கொடுக்கிறவன் அப்படியில்லை என்றுதான் பேசினார். அழுதேன், பட்டினி கிடந்தேன், ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிலில் தூக்கி வைத்தேன். எதற்கும் அசையவில்லை. சாதுவான மனுஷர், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அந்தப் பிடிவாதத்தை நான் என்றைக்கும் மன்னித்ததில்லை.

கடைசியில் நானே இறங்கி வந்தேன். குடிப்பதை விட முடியாது, சரி. வெளியே குடிக்காதே. நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நர்ஸம்மா சாராயம் காய்ச்சப்போகிறாளாக்கும் என்றார். சாராயம் காய்ச்ச எனக்குப் பயம். தீ, ஆவி, பிடிபட்டால் ஜெயில். பீர் என்றால் ஒயின் போடுகிற மாதிரி தன்பாட்டுக்குப் புளிக்கும். பிடிபட்டால் அதற்கும் ஜெயில்தான். ஆனால் கண் போகாது. எனக்கு அதுதான் கணக்கு.

எங்களிடம் இருந்த சாமான்களைச் சொன்னால் சிரிப்பு வரும். ஒரு பிரியாணிச் சட்டி, ஒரு மிக்சி, காலியான இரண்டு தண்ணீர் கேன். ஈரானி கடையில் பார்லி வாங்கி, முளைப்பயறு கட்டுகிற மாதிரி ஈரத்துணியில் கட்டி முளைக்கவைப்பேன். மொட்டைமாடியில் பரப்பினால் அந்த வெயிலுக்கு ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். பக்கத்து போர்ஷன் எகிப்துக்காரம்மா இது எதற்கு என்று கேட்டாள். கஞ்சிக்கு என்றேன். அவளும் உடம்புக்கு நல்லது என்று தலையாட்டினாள். காய்ந்ததை மிக்சியில் ஒன்றிரண்டாக உடைத்து, சுடுதண்ணீரில் கொட்டி, சட்டியைக் கம்பளியால் சுற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி இனித்துவிடும். சூடு பார்க்க ஆரம்பத்தில் காய்ச்சல் தெர்மாமீட்டரை விட்டேன். டப்பென்று உடைந்து பாதரசம் கஞ்சிக்குள் இறங்கியது. ஒரு சட்டிக் கஞ்சியும் குப்பைக்குப் போனது. அதற்குப் பிறகு விரல்தான். விரல் பொறுக்க மாட்டாத சூடு, ஆனால் கொப்புளம் போடாத சூடு.

பீரில் கசப்புக்குப் போடும் பூ அங்கே கிடைக்காது. ஊரிலிருந்து காய்ச்சலுக்கு என்று அம்மா கொடுத்துவிட்ட நிலவேம்புப் பொடிதான் கிடந்தது. அதில் ஒரு கரண்டி. ஈஸ்ட் ரொட்டிக்குப் போடுகிறதுதான். கேன் மூடியில் ஓட்டை போட்டு, டிரிப் ஏற்றுகிற குழாயைச் செருகி, சுற்றிலும் பிளாஸ்டரை ஒட்டி, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டேன். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளியே இருக்கிறது உள்ளே வராது. மறுநாள் காலையில் அந்தப் பாட்டிலுக்குள் குடுக், குடுக் என்று குமிழி வர ஆரம்பித்தபோது, பிரசவ வார்டில் முதல் அழுகையைக் கேட்ட மாதிரி எனக்கு ஒரு நிம்மதி. இவரும் பல் தேய்க்கப் போனவர் தேய்க்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பீரைக் குடித்துவிட்டு, காய்ச்சல் மருந்து என்றார். இரண்டாவதைப் பச்சைத்தண்ணீர் என்றார். ருசியைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. ஏறவில்லை, அதுதான் குறை. ஏறவில்லை என்றால் வியாழன் சாயங்காலம் கால் தானாகக் கேம்ப் பக்கம் போகும். அது எனக்குத் தெரியும். அதனால் பீரின் வீரியத்தை ஏற்றுவதே என் வேலையாகிவிட்டது. உலகத்தில் எந்தப் பெண்ணாவது புருஷனுக்கு போதை போதவில்லையே என்று கவலைப்பட்டிருப்பாளா தெரியவில்லை. நான் பட்டேன்.

கஞ்சி கெட்டியாக இருந்தால்தான் பீர் வீரியமாகும். சட்டியோ ஒன்றுதான். அதனால் முதலில் வடிகிற கெட்டிப் பாலை மட்டும் எடுத்தேன், இரண்டாவது வடிசலைக் கொட்டினேன். எடுத்ததை இன்னும் சுண்டவைத்தேன். அதற்கு மேல் பேரீச்சம்பழப் பாகு. அதை ஒரேயடியாகக் கொட்டினால் ஈஸ்ட் திணறிப்போய் நின்றுவிடும் என்பதை ஒரு கேன் முழுக்கப் பாகுத் தண்ணீரானபோது தெரிந்துகொண்டேன். ஆபரேஷன் ஆனவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு இட்லி, அப்புறம்தானே சோறு. அதே மாதிரி முதலில் கஞ்சியைத் தின்ன விட்டு, நுரை அடங்க ஆரம்பிக்கும்போது பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். கேனைத் தண்ணீர் நிரப்பிய டப்பில் இறக்கி, ஈரத் துண்டு போர்த்திவிடுவேன். ஏசி காற்று வர குளியலறைக் கதவைத் திறந்து வைத்திருப்போம். விருந்தாளி வந்தால் மூடிவிட்டு, பாத்ரூமில் தண்ணி அடைச்சிருக்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எகிப்துக்காரம்மா வீட்டுக் குளியலறைக்குத்தான் போனார்கள்.

எவ்வளவு கெட்டி என்று அளக்க எதுவும் இல்லாமல் தவித்தபோது வார்டின் ஒரு டிராயரில் பழைய கண்ணாடி மிதவை ஒன்று கிடைத்தது. ஒருகாலத்தில் மூத்திரத்தின் அடர்த்தி பார்க்க வைத்திருந்தது. காகிதப் பட்டைகள் வந்த பிறகு யாரும் தொடுவதில்லை. கழுவி, கொதிக்கவைத்து, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என் கஞ்சியில் விட்டால் அது அளவுக்கோடுகளை எல்லாம் வெளியே காட்டிக்கொண்டு மிதந்தது. எந்த மனுஷ மூத்திரமும் அவ்வளவு கெட்டியாக இருக்காதே. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அளந்து, வந்ததை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டேன். இது எதை அளக்கிற மிதவை என்று இவரிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை குடியையே விட்டிருப்பார்.

வீரியம் கூடக்கூட ஒரு சங்கடமும் கூடியது. லேசான பீர் சீக்கிரம் தெளிந்துவிடும். இது தெளியவும், அடிநாக்கில் எரிகிற எரிச்சல் அடங்கவும் வாரக்கணக்கில் ஆனது. அதனால் ஷிப்ட் டூட்டி மாதிரி இரண்டு கேன்களை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒன்றைக் குடித்து முடிக்கும்போது இன்னொன்று கைக்கு வர வேண்டும். ஒருமுறை ஒரு கேன் காடியாகப் புளித்துப்போனது. அந்த வியாழன் அவர் வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய் மணந்தது, வெளியே குடித்த வாடையை மறைக்க. நான் டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்து, கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்தேன். மறுநாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாத்தியா, நான் சொன்னேம்லா என்றார். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அன்றைக்கு ஏதாவது கொஞ்சம் ஆகியிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

இப்படி இருக்கும்போது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் கடற்கரையில் எப்பேர்ப்பட்ட குடிகாரரும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை நிறுத்திவிடுவார்கள். சிலருக்கு அதுவே வருஷத்தில் சாப்பாடு ருசிக்கிற காலம். இவரும் ஊரில் இருந்தவரை அப்படித்தான் இருந்தாராம். வளைகுடாவுக்கு வந்தபிறகு அது தளர்ந்துபோனது. அந்த வருஷம் அவராகவே சொன்னார். இருக்கிறதிலேயே வீரியமான ஒரு கேனைப் போடு. சாம்பல் புதனுக்கு முன்னால் போட்டால் ஈஸ்டருக்குப் பதமாகிவிடும். அதுவரை தொடமாட்டேன், நேர்ச்சை.

நான் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு நாள் கண்ணைப் பற்றிப் பயப்படாமல் தூங்கலாமே. ரொட்டி வாசனையும் பேரீச்சம்பழ வாசனையும் கலந்து வீடு முழுக்க மணக்க, அந்தக் கேனைப் போட்டேன். மற்ற கேனில் மிச்சம் இருந்ததை எல்லாம் அவர் குடித்து முடித்தார். அதைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். பூசை நடக்கிற வில்லாவுக்குப் போய் இருவரும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். வந்ததும் அவர் குளியலறைக்குப் போய் கேனின் மட்டம் இருக்கிற இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினார். பிறகு கேன்மேல் கையை வைத்து, இதை ஈஸ்டர்வரைக்கும் தொடமாட்டேன் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பலிபீடத்தில் வைக்க வேண்டிய கை என்றேன்.

அந்தத் தவக்காலம் எங்கள் வீட்டில் நல்ல காலம். அவர் சாயங்காலம் வந்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குமிழியைக் கேட்பார். முதலில் ஓயாமல் கொதித்தது. பிறகு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. டூட்டியிலிருந்து நான் வந்தால், இன்னைக்கு மெதுவாத்தான் வருது, ஆயிட்டா என்று கேட்பார். இல்லை, இன்னும் வேலை நடக்குது என்பேன். கல்யாணமான பிறகு நாங்கள் அவ்வளவு பேசியது அந்தக் குளியலறை வாசலில்தான்.

பெரிய வெள்ளியன்று எனக்குக் காலை டூட்டி. மூன்று மணி ஆராதனைக்கு அவரையும் கூட்டிப்போக வேண்டும் என்று மத்தியானமே வந்துவிட்டேன். அங்கே வெள்ளிதான் வார லீவு. பள்ளிவாசல் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. இவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கண்ணிலும் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்திருந்தார். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால் வெல்டர்கள் எல்லாரும் செய்கிற வைத்தியம் அது. நேத்து அடிச்சிருக்கும்போல, வயிறும் பிரட்டுது என்றார். பிறகு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளியில தூசிக்காத்தா, வெள்ளையா கெடக்கே என்றார்.

வெளியே தூசி இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வெல்டிங் அடித்த கண்ணை எத்தனையோ பார்த்திருக்கிறேன். சிவந்து, நீர் வடிந்து, திறக்கவே முடியாமல் எரியும். நான் வில்லைகளை எடுத்தேன். கண் வெள்ளையாக, காய்ந்து, நன்றாகத் திறந்திருந்தது. டார்ச் அடித்தேன். கண்மணி அகலமாகவே இருந்தது. எங்கே குடித்தீர்கள் என்றேன். குடிக்கவே இல்லை என்றார். பொய் சொன்னால் செத்துப்போவீர்கள் என்றேன். அப்போது அவர் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"கேனைத் தொடல. போய்ப் பாரு, டேப்புக்குக் கீழ ஒரு சொட்டு எறங்கலை. கேனைத் தொடமாட்டேன்னுதானே நேர்ந்தேன்."

போய்ப் பார்த்தேன். இறங்கவில்லைதான். நேர்ச்சையை அவர் அப்படித்தான் காப்பாற்றியிருந்தார். ஒர்க்‌ஷாப் பெயிண்டர் ஒருவர், நேபாளி, முந்தினநாள் சாயங்காலம் ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருக்கிறார். அது கேன் இல்லையே. நான் மெனக்கெட்டு முளைக்கவைத்து, உடைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு செய்த நல்ல சரக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, கடவுளுக்குக் கொடுத்த வாக்கு மீறாமல் போய் விஷத்தைக் குடித்திருக்கிறார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வருகிறோம் என்றார்கள். ஆனால் எங்கள் சந்தின் முனையில்தான் பள்ளிவாசல். ஜும்மா நேரத்தில் கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்து நிறுத்திவிட்டு உள்ளே போயிருப்பார்கள். தொழுகை முடிந்து அவர்கள் வந்து எடுக்கும்வரை ஒரு சைக்கிள்கூட உள்ளே வர முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகலாம் என்று எழுப்பினால் கால் நிற்கவில்லை, ஒரே வாந்தி. ரோட்டிலும் அந்த நேரத்தில் டாக்சி ஓடாது. சூடான் டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல சாராயம் கொடுத்தால் ஈரல் அதைக் கவனிக்கப் போய்விடும், நேரத்துக்குக் கொடுத்தால்.

கேன் மூடியின் பிளாஸ்டரைப் பிய்த்தேன். இன்னும் தெளியவில்லை, மண்டியாக இருந்தது. வெள்ளைத் துணியில் வடித்து, செம்பில் எடுத்துக்கொண்டு போய் அவர் தலையைத் தூக்கி வாயில் வைத்தேன். வாசனை பட்டதும் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"இது கேன்ல உள்ளதுலா? இன்னைக்குப் பெரிய வெள்ளி, ஏட்டி. ஈஸ்டருக்கு இன்னும் நாள் கெடக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செம்பாலேயே அவர் மண்டையில் போட்டிருப்பேன். "மருந்துன்னு நெனச்சுக் குடிங்க. பாவம் எம்மேல கெடக்கட்டும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பினார். அவர் மூக்கைப் பிடித்து, பிடிவாதக் குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். பாதி சட்டையில் போனது. பிறகு அவரே விழுங்க ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு செம்பு. வெளியே ஒலிபெருக்கியில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் மனசுக்குள் சிலுவைப்பாதையைச் சொல்லிக்கொண்டே அந்தப் பரிசுத்த நாளில் என் புருஷனுக்குப் பீர் ஊட்டினேன்.

மூன்றாவது செம்பில் அவர் நிறுத்தி, நாக்கைச் சப்பினார். கண் என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுதாம்ட்டி. இதத்தான் நான் இத்தனை நாளும் கேட்டேன்."

அதற்குமுன் ஒருநாளும் அவர் என் பீரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

தொழுகை முடிந்து கார்கள் நகர்ந்து ஆம்புலன்ஸ் வந்தது. கேஷுவால்டியில் அதே சூடான் டாக்டர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இவர் வெளியே குடித்ததையும் நான் வீட்டில் கொடுத்ததையும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். டாக்டர் முதலில் இவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். பெயிண்டரைப் பற்றியும் சொல்லி கேம்ப்புக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். போனார்கள். பெயிண்டர் படுத்த படுக்கையிலேயே இறந்துகிடந்தார். வெள்ளிக்கிழமை, தூங்குகிறார் என்று ரூம்காரர்கள் யாரும் எழுப்பவில்லையாம்.

இரவெல்லாம் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். சனிக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நீ கொடுத்தது உயிரைப் பிடித்துவைத்தது, கண்ணுக்கு அது தாமதம் என்றார். போலீஸுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, நாளைக்கு வருவார்கள் என்றும் சொன்னார். நாளைக்கு என்பதை அவர் இரண்டுதடவை சொன்னார். எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருடான ஆளை ஜெயிலில் வைத்து யார் பார்ப்பது என்று போலீஸ்காரர்கள் நினைத்தார்களோ என்னவோ, விட்டுவிட்டார்கள். அவருடைய கஃபீல், விசா கொடுத்த முதலாளி, விசாவை கேன்சல் செய்து, கலாஸ், முடிந்தது என்று கையைக் கழுவினார். ஆஸ்பத்திரி என்னையும் அனுப்பிவிட்டது. ஏர்போர்ட்டில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அரசாங்கக் கடை. லைசென்ஸ் வேண்டாம், கடிதம் வேண்டாம். பயமில்லாமல் குடிக்கலாம். அவர் ஒருநாளும் வாங்கிவரச் சொன்னதில்லை. குடியை விட்டதற்கு ஊரில் எல்லாரும் அவரைப் பாராட்டுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்த ஈஸ்டர்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ரோட்டில் எல்லாரும் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போலீஸ் வருவதற்குமுன் கேனைக் காலிசெய்ய வேண்டும் என்று விடியும்போதே வீட்டுக்கு வந்தேன். ரூமில் வாந்தியும் உருளைக்கிழங்கும் நாறியது. குளியலறைப் பக்கம் குடுக் என்று கேட்டது. நின்று கேட்டேன். மறுபடியும் குடுக். வெள்ளிக்கிழமை அவசரத்தில் நான் குழாயை மறுபடி செருகியிருக்கிறேன், எனக்கே ஞாபகமில்லை. திறந்து கலக்கியதில் அடங்கிக் கிடந்தது விழித்துக்கொண்டு மறுபடி வேலையை ஆரம்பித்திருக்கிறது. அவர் உட்காருகிற வாளி கவிழ்த்தபடியே கிடந்தது. அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து கேனைச் சாய்த்தேன். காலியாக வெகுநேரம் ஆனது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அவர் விழித்திருந்தார். என் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பி, இன்னைக்கு ஈஸ்டர்லா என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்குப் போனியா என்றார். போனேன் என்றேன். கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கேனைக் கொட்டிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆயிட்டா?" என்று கேட்டார்.

"ஆயிட்டு."

"நெறம் எப்படி வந்திருக்கு?"

"நல்ல தேன் நிறம்" என்றேன். "டம்ளர்ல ஊத்துனா அந்தப் பக்கம் தெரியுது."

அவர் சிரித்தார். குளியலறையில் லைட்டைப் போடாமலேயேதான் நான் அதைக் கொட்டியிருந்தேன்.